ஸ்பெயினுக்குச் சென்ற தொண்டர்களும் அவர்தம் கடவுச்சீட்டுகளும்

பிறருக்கு உதவும் பொருட்டு வேற்று நாட்டிற்குச் செல்லும் ஒருவர் முதலிற் சந்திப்பது அவ்வுதவியை வேண்டி நிற்கும் மக்களை அன்று. எல்லையிலே அமர்ந்திருக்கும் குடிவரவு அதிகாரியையே. அவர் மருந்துப் பெட்டியுடன் வந்தாலென்ன, புத்தக மூட்டையுடன் வந்தாலென்ன, கேள்விகள் ஒன்றே. கடவுச்சீட்டு எங்கே? விசா எங்கே? எத்தனை மாதம் தங்குவதாக உத்தேசம்? சம்பளம் பெறாமல் வேலை செய்வதாயினும் அதற்குத் தொழில் அனுமதி உண்டா? நமக்கு இக்கேள்விகள் பழகிப்போயின. ஆதலால் இவை உலகம் தோன்றிய நாள்தொட்டு இருந்து வருவன என்று எண்ணிவிடுகின்றோம்.

வரலாறு அவ்வாறு கூறவில்லை. முதலாம் உலகப் போருக்கு முன்னர் ஐரோப்பாவின் பெரும்பாலான எல்லைகளைக் கடவுச்சீட்டின்றியே கடக்க முடிந்தது. போர்க்காலத்தின் தற்காலிக ஏற்பாடாகப் புகுத்தப்பட்ட கட்டுப்பாடு, போர் ஓய்ந்த பின்னரும் ஓயவில்லை. 1920ஆம் ஆண்டு ஒக்டோபரில், சர்வதேச சங்கத்தின் ஆதரவில் பாரிஸில் நடந்த மகாநாடு, கடவுச்சீட்டு 32 பக்கங் கொண்ட ஒரே மாதிரியான புத்தகமாக இருத்தல் வேண்டும் என விதந்துரைத்தது. நாடிழந்து அலைந்தோருக்காக நான்சன் பெயரால் வழங்கும் தனிச் சீட்டு 1922இல் உண்டாயிற்று. ஒரு தலைமுறைக் காலத்துள், கையில் ஒரு புத்தகம் இல்லாதவன் மனிதனாகவே கணிக்கப்படாத நிலை தோன்றிவிட்டது.

இந்தப் புத்தகம் யாரைத் தடுத்தது, யாரைத் தடுக்கவில்லை என்பதை அறிய வேண்டுமாயின், 1936 முதல் 1939 வரையான ஸ்பானிய உள்நாட்டுப் போரை நோக்குதல் தகும். வேற்று நாட்டு மக்களுக்காக இவ்வளவு பெருந்தொகையினர் தாமாகவே புறப்பட்டுச் சென்ற நிகழ்ச்சி நவீன வரலாற்றில் அரிது. அவர்களுட் பலர் செல்லும்போது தத்தம் நாட்டின் சட்டத்தை மீறியே சென்றனர்.

1936 ஜூலையில், மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஸ்பானியக் குடியரசுக்கு எதிராகத் தளபதிகள் கிளர்ந்தெழுந்தனர். ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பிய அரசுகள் பெரும்பாலானவை தலையிடாக் கொள்கையை ஏற்பதாக இசைந்தன. ஜேர்மனியும் இத்தாலியும் அவற்றுள் அடங்கும். ஆனால் அதற்கு முன்னரே, ஜூலை 31ஆம் நாள், ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து 'உசராமோ' என்னும் கப்பல் புறப்பட்டிருந்தது. அதில் ஏறிய ஜேர்மன் விமானப் படையினர் சாதாரண உடை தரித்து, ஓர் உல்லாசப் பயணக் கூட்டத்தினராக வேடம் பூண்டிருந்தனர். அவ்வுல்லாசப் பயணத்தின் தொடர்ச்சியே, மறு ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் குவேர்னிக்கா நகரின் மீது பொழிந்த குண்டுமாரி. முசோலினியோ எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தாலியப் போர்வீரரை அனுப்பினார். அப்படைக்கு அவர் இட்ட பெயர் 'தொண்டர் படை' என்பது! இத்தொண்டர்களிடம் எந்தத் துறைமுகத்திலும் எவரும் விசா கேட்டதில்லை. துப்பாக்கியே அவர்களுக்குக் கடவுச்சீட்டாயிற்று.

மறுபக்கத்தில் நின்றோர் யாவர்? சர்வதேசப் படையணிகளிற் சேர்ந்தோரின் தொகை ஏறத்தாழ 35,000 எனக் கணிப்பர். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அவர்கள் வந்தனர். துறைமுகத் தொழிலாளர், சுரங்கத் தொழிலாளர், ஆசிரியர், மாணவர், தையற்காரர், வேலையிழந்தோர் எனப் பலதிறத்தினர் இருந்தனர். ஜேர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தவர்கள் பெரும்பாலும் நாடு கடந்து வாழ்ந்தவர்கள்; அவர்களிடம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டே இல்லை. 1937 மார்ச்சில் குவாதலஹாரா போர்க்களத்தில், முசோலினி அனுப்பிய இத்தாலியரும், முசோலினியால் துரத்தப்பட்ட இத்தாலியரும் எதிரெதிரே நின்றனர். இருபாலாரும் ஒரே மொழியைப் பேசினர். இருபாலாரும் தொண்டர் என்றே அழைக்கப்பட்டனர். ஒருவரை அரசு அனுப்பியது. மற்றவர் அரசையும் மீறி வந்தார்.

ஜனநாயக நாடுகள் எனத் தம்மை அழைத்துக்கொண்ட நாடுகள் இவ்விரண்டாம் வகையினருக்கே வேலி கட்டின. பிரித்தானிய அரசு 1870ஆம் ஆண்டின் அந்நியப் படைச்சேர்ப்புச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, 1937 ஜனவரியில் அது ஸ்பெயினுக்கும் பொருந்தும் என அறிவித்தது. மீறுவோருக்கு இரண்டாண்டுச் சிறை எனவும் எச்சரித்தது. அமெரிக்க அரசு, 'ஸ்பெயின் செல்வதற்குச் செல்லாது' என்ற முத்திரையைக் கடவுச்சீட்டுகளிற் குத்தத் தொடங்கியது. கனடா அதே ஆண்டு ஏப்ரலில் இதற்கெனவே புதுச்சட்டம் இயற்றியது. பிரான்ஸ், 1937 பெப்ரவரியில் பிரனீஸ் மலை எல்லையைத் தொண்டர்களுக்கு மூடியது. குடியரசு தன்னைக் காக்க ஆள் வேண்டும் என்று அழைத்தது. அழைக்கப்பட்டவர் செல்லுதல் குற்றம் என்றது சட்டம்.

குற்றமாயினும் சென்றனர். சென்ற வழி நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டியதொன்று. அக்காலத்தில் இலண்டனிலிருந்து பாரிஸுக்கு வார இறுதி உல்லாசப் பயணச் சீட்டு வழங்கப்பட்டது. அச்சீட்டில் செல்வோருக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. கடவுச்சீட்டு வாங்கிப் பழக்கமேயில்லாத தொழிலாளர் பலர், விக்டோரியா புகைவண்டி நிலையத்தில் அச்சீட்டை வாங்கிக்கொண்டு, சனி ஞாயிறு பார்த்துத் திரும்புவோர் போலப் புறப்பட்டனர். பாரிஸில் அவர்களைப் பரிசோதித்து, சிறு சிறு குழுக்களாகத் தெற்கு நோக்கி அனுப்பினர். எல்லையை அண்டியதும் சப்பாத்துகளைக் கழற்றிக் கயிற்று அடியுள்ள துணிச் செருப்பை அணிந்து, இரவிரவாக மலையேறினர். கள்ளக் கடத்தற் பாதைகளை அறிந்த மலைவாசிகள் முன்னே நடந்தனர். புகைத்தலுக்கும் பேச்சுக்கும் தடை. பொழுது விடியுமுன் மலைமுகட்டைக் கடவாதவர் பிரெஞ்சுக் காவலரிடம் சிக்கிப் பெர்ப்பிஞோன் சிறையில் இருந்தனர். கடல்வழி சென்றோருக்கும் அபயம் இல்லை. 1937 மே 30ஆம் நாள் 'சியுடாட் டி பார்சலோனா' என்னும் கப்பல் நீர்மூழ்கியால் தாக்குண்டு, தொண்டர் பலர் ஸ்பானிய மண்ணை மிதிக்குமுன்னரே கடலில் மாண்டனர்.

ஆயுதம் ஏந்தாது சென்றோரும் உளர். 1936 ஆகஸ்டில் இலண்டனிலிருந்து புறப்பட்ட முதல் வைத்தியக் குழு அரகோன் பகுதியில் மருத்துவமனை அமைத்தது. கனடிய வைத்தியர் நோர்மன் பெதூன் மத்ரித் நகரில், இரத்தத்தைப் போர்க்களத்துக்கே வண்டியிற் கொண்டுசென்று ஏற்றும் முறையை நடத்தினார். நியூயோர்க்கின் ஹார்லம் மருத்துவமனையிற் பயின்ற கறுப்பினத் தாதி சலேரியா கீ 1937 மார்ச்சில் கப்பலேறினார். தன் நாட்டில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோருக்கு உதவ முன்வந்தபோது நிறத்தைக் காட்டி அவரை மறுத்திருந்தனர். ஸ்பெயினில் அவர் எந்நிறத்தாருக்கும் காயங் கட்டினார். இந்தியரான கோபால் முகுந்த் ஹுத்தார், பிரித்தானிய ஆட்சியின் கண்ணுக்குத் தப்ப 'ஜோன் சிமித்' என்ற பெயரிற் படையிற் சேர்ந்து, 1938இல் பகைவரிடம் சிறைப்பட்டார். அடிமை நாட்டவனுக்குப் பிறருக்குத் துணை செய்யவும் சொந்தப் பெயர் உதவவில்லை!

இவ்விடத்தில் நாம் மறைக்கக் கூடாத ஒன்றுண்டு. முற்போக்காளர் என்போர் எதிரியின் குற்றத்தை மட்டும் எழுதுவாராயின் அது வரலாறாகாது, பிரசாரமே ஆகும். அல்பசெற்றே தளத்தை அடைந்த தொண்டர்களின் கடவுச்சீட்டுகள், பாதுகாப்பாக வைப்பதற்கென்று கூறி வாங்கப்பட்டன. அவற்றுட் பல உரியவருக்குத் திரும்பி வரவேயில்லை. இறந்தோரின் சீட்டுகள் சோவியத் உளவுத் துறையின் கைக்குச் சென்றன. 1939 ஒக்டோபரில் 'ஜாக்சன்' என்ற பெயரில் மெக்சிகோவிற்குட் புகுந்து, மறு ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் ட்ரொட்ஸ்கியைத் தாக்கிக் கொன்ற ரமோன் மெர்க்காடேர் வைத்திருந்த கனடியக் கடவுச்சீட்டு, ஸ்பெயினில் உயிர்நீத்த ஒரு தொண்டருக்கு வழங்கப்பட்டதே. பாஸிஸத்தை எதிர்த்து மாண்ட ஒரு தொழிலாளியின் பெயர், இன்னொரு புரட்சியாளரைக் கொல்லும் கருவியாயிற்று. தனிமனிதன் நம்பிக்கையோடு கொடுத்த சீட்டை அவன் அறியாது பயன்படுத்திய அதிகாரம் எந்நிறக் கொடியைப் பிடித்திருந்தாலும், அது அத்தொண்டனுக்கு இழைத்தது துரோகமே.

1938 செப்டெம்பர் 21ஆம் நாள், ஸ்பானியப் பிரதமர் நெக்ரீன், அந்நியத் தொண்டர் யாவரையும் திருப்பி அனுப்புவதாக ஜெனீவாவில் அறிவித்தார். அவ்வாறு செய்தால் மறுபக்கத்து 'தொண்டர்களும்' வெளியேற்றப்படுவர் என்பது அவர் நம்பிக்கை. அவர்கள் வெளியேறவில்லை. ஒக்டோபர் 28ஆம் நாள் பார்சலோனா வீதிகளில் மக்கள் மலர் தூவித் தொண்டர்களுக்கு விடைகொடுத்தனர். டொலோரஸ் இபாரூரி ஆற்றிய பிரியாவிடை உரையில், அமைதி மீண்டும் வரும் நாளில் அவர்களும் மீண்டு வருதல் வேண்டும் என வேண்டினார். குடியரசின் அரசு அவர்களுக்கு ஸ்பானியக் குடியுரிமையை வாக்களித்தது. சர்வதேச சங்கத்தின் குழு பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்நியரைக் கணக்கெடுத்தது.

ஆனால் எங்கே திரும்பிச் செல்வது? ஆங்கிலேயனுக்கும் அமெரிக்கனுக்கும் வீடு இருந்தது. ஜேர்மனியனும் இத்தாலியனும் திரும்பினால் சிறையோ தூக்கோ காத்திருந்தது. போலந்து அரசு தன் தொண்டர்களின் குடியுரிமையைப் பறித்தது. நடுநிலை பேசிய சுவிற்சர்லாந்திலிருந்து ஏறத்தாழ 800 பேர் சென்றிருந்தனர். திரும்பியோரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்தனர். அத்தண்டனைகளை அந்நாட்டு நாடாளுமன்றம் நீக்கியது 2009ஆம் ஆண்டிலேயே. போக இடமற்றோரைப் பிரான்ஸ் கடற்கரை மணலிலும், 1939 ஏப்ரலில் திறந்த கூர்ஸ் முகாமிலும் முள்வேலிக்குள் அடைத்தது. பிரான்ஸ் வீழ்ந்த பின்னர் அங்கிருந்த ஒஸ்திரியத் தொண்டர் பலர் டாக்கவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஒரு விசா அவர்களைக் காத்திருக்கும்.

அம்முள்வேலிக்குள் இருந்த வைத்தியர் ஏறத்தாழ இருபதின்மருக்கு ஒரு வழி திறந்தது. ஜப்பானியப் படையெடுப்புக்கு இலக்கான சீனத்துக்கு வைத்தியர் வேண்டியிருந்தனர். பிரித்தானிய உதவிக் குழு ஒன்றின் முயற்சியால், 1939இல் அவர்கள் ஹொங்கொங் வழியாகச் சென்று சீனச் செஞ்சிலுவைப் பணியில் இணைந்தனர். எந்த நாடும் ஏற்காத மனிதர், போர் நடக்கும் இன்னொரு நாட்டையே புகலிடமாக்கிக் கொண்டனர். பெதூன் அவர்களுக்கு முன்னரே, 1938 தொடக்கத்தில், சீனம் சென்றுவிட்டார். சத்திரசிகிச்சையின்போது ஏற்பட்ட காயம் நஞ்சேறி 1939 நவம்பர் 12ஆம் நாள் மறைந்தார்.

சீனத்துக்கு இந்தியாவும் ஐந்து வைத்தியரை அனுப்பியது. 1938 செப்டெம்பரில் பம்பாயிலிருந்து புறப்பட்ட அக்குழுவின் தலைவர் அட்டல் ஸ்பெயினிற் பணியாற்றிப் பழகியவர். முதலில் தெரிவான ஒருவருக்கு, அவர்தம் இடதுசாரிக் கருத்துக் காரணமாக, ஆட்சியாளர் கடவுச்சீட்டை மறுத்தனர்; அவ்விடத்துக்கு வேறொருவர் சேர்க்கப்பட்டார். அக்குழுவில் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகாநாத் கொட்னிஸும் ஒருவர். ஏனையோர் திரும்பியும் அவர் திரும்பவில்லை. பெதூன் பெயரால் அமைந்த மருத்துவமனையைப் பொறுப்பேற்று நடத்தி, 1942 டிசெம்பர் 9ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில், அம்மண்ணிலேயே கண்மூடினார்.

ஸ்பெயினுக்குச் செல்வோரைத் தடுத்த அதே பிரித்தானிய ஏகாதிபத்தியம், அதே 1937இல், நம் நாட்டிலும் ஒரு பாடத்தைக் கற்பித்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து 1936இல் தேயிலைத் தொழில் பழகும் சின்னத்துரையாக மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றுக்கு வந்தவர் பிரேஸ்கேர்டில். துரையாக இருந்தவரை அவருடைய இருப்பு எவருக்கும் உறுத்தவில்லை. அவர் தொழிலாளர் பக்கம் நின்று சமசமாஜக் கட்சி மேடைகளிற் பேசத் தொடங்கியதும் உறுத்தியது. ஏப்ரல் 22ஆம் நாள், நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். அவர் தலைமறைவாகி, மே 5ஆம் நாள் காலிமுகத்திடலிற் பெருங்கூட்டத்தின் முன் தோன்றினார். பின்னர் கைதானார். மே 18ஆம் நாள், பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம், பேச்சுரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை இவ்வாறு நாடு கடத்த முடியாது எனத் தீர்த்தது.

அவர் யாருக்காகப் பேசினாரோ அம்மக்களின் கதையையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதற்கும், கடன் விபரம் எழுதிய 'துண்டு' அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1920இல் பாரிஸில் உலகுக்கெல்லாம் கடவுச்சீட்டு வகுத்தனர்; 1921இல் இங்கே துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. கடவுச்சீட்டு என்பது பணக்காரரின் பயணச் சாமான் அன்று என்பதை மலையகம் நன்கறியும்.

போருக்குப் பின்னர் அரசுகள் தொண்டரை வேறு வகையிற் கையாளத் தொடங்கின. அமெரிக்க அரசு, ஸ்பெயினிற் குடியரசுப் படையினருக்குப் பாடிய போல் ரோப்சனின் கடவுச்சீட்டை 1950இல் பறித்தது. பயணஞ் செய்யும் உரிமை சுதந்திரத்தின் ஒரு பகுதியென அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1958இல் தீர்ப்பளித்த பின்னரே அது திரும்பக் கிடைத்தது. அதே அரசு 1961இல் அமைதிப் படையை நிறுவி இளைஞரைப் பிற நாடுகளுக்கு அனுப்பியது. 1962இல் அவர்கள் இலங்கைக்கும் வந்தனர். பிரித்தானியாவிலும் 1958 முதல் இத்தகைய அமைப்பு உண்டு. இவற்றில் நல்லெண்ணங் கொண்டு உழைத்தோர் பலர். அவர்களை நாம் இழித்துரைப்பதற்கில்லை. அவர்கள் வந்த பாதை அரசும் அரசும் செய்த உடன்படிக்கையால் முன்னரே செப்பனிடப்பட்டிருந்தது என்பதையே சுட்டுகின்றோம்.

இன்று நீண்ட காலத் தொண்டுக்குச் செல்வோரின் விதிகள் எவ்வாறுள்ளன? பிரித்தானியாவில் அறப்பணித் தொண்டருக்கென ஒரு விசா உண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் பொறுப்புச் சான்று வேண்டும், ஊதியம் பெறலாகாது, நிரந்தர ஊழியரின் இடத்தை நிரப்பலாகாது, மிகக் கூடியது 12 மாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டுப் பணிப்புரையும் ஒன்றியத்தின் சொந்தத் திட்டத்திற் சேர்வோருக்கு வழிவகுத்துள்ளது. ஊதியமில்லாத வேலைக்கு ஏன் தொழில் அனுமதி என்று கேட்பாருண்டு. சட்டம் கூலியைப் பார்ப்பதில்லை, உழைப்பையே பார்க்கின்றது. இதில் ஒரு நியாயமும் இருக்கின்றது. தொண்டு என்ற பெயரால் கூலியற்ற உழைப்பை வரவழைத்து உள்ளூர்த் தொழிலாளியின் வேலையைப் பறிக்கும் முதலாளி எங்குமுளன். ஆகவே தொழிலாளர் பக்கம் நிற்கும் நாம் அனுமதி முறை முழுவதையும் ஒருசேரப் பழித்தல் ஆகாது. ஆயினும் செல்வ நாட்டு இளைஞன் நம் கிராமத்துக்கு வருவது எளிது. நம் கிராமத்து ஆசிரியன் அவனுடைய நகரத்துக்குத் தொண்டாற்றச் செல்வானாயின், திரும்பி வருவானா என்று ஐயுற்று வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்கின்றனர். பொருளுள்ளவனின் சொல்லை நம்பும் எல்லை, பொருளற்றவனின் நல்லெண்ணத்தை நம்புவதில்லை.

பார்சலோனாவில் அளித்த வாக்கு என்னவாயிற்று? குடியரசு வீழ்ந்தது, பிராங்கோவின் ஆட்சி அவர் 1975இல் இறக்கும்வரை நீடித்தது. 1996 ஜனவரியிலேயே ஸ்பானிய அரசு எஞ்சிய தொண்டர்களுக்குக் குடியுரிமை வழங்கும் ஆணையைப் பிறப்பித்தது. அவ்வாணையும் சொந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்கவேண்டும் என்ற நிபந்தனையுடன் வந்தது. அதனை நீக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. 2009 ஜூனில் இலண்டனிலுள்ள ஸ்பானியத் தூதரகத்திற் சில முதியவர்கள் ஒன்றுகூடினர். எழுபதாண்டுக்கு முன் கடவுச்சீட்டின்றி வார இறுதிச் சீட்டுடன் புறப்பட்ட தலைமுறையின் எச்சம் அவர்கள். நடுங்கும் கைகளில் ஸ்பானியக் கடவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டனர். 2022ஆம் ஆண்டுச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அவ்வழியைத் திறந்தது.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களையும் கற்கும் மாணவர்களையும் நாம் வேண்டுவது ஒன்றே. 'சட்டவிரோதமாக எல்லையைக் கடந்தோர்' என்ற சொற்றொடரை ஏட்டிற் காணும்போது, அச்சட்டத்தை அன்று இயற்றியவர் யார், அதன் நிழலில் உல்லாசப் பயணிகளாகக் கப்பலேறியவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் வகுப்பறையிற் கேளுங்கள். பிரனீஸ் மலையை இரவில் நடந்து கடந்தவர்களுக்குச் சட்டம் நன்றி கூற அறுபது ஆண்டுகள் சென்றன. மலைமுகட்டைத் தாண்டாது மாண்டவர்களுக்கு அந்த நன்றி இனி எட்டப் போவதில்லை.